பெட்ஷீட்டில் சுற்றிய நாத்திகம்

போன செவ்வாய்க்கிழமை காலை என் கணவர் முரளி தன் ரெக்கார்டு பிளேயரைப் பெட்ஷீட்டில் சுற்றினார். அதை என் மடியில் வைத்தார். என்னையும் அதையும் சேர்த்து சீட் பெல்ட் போட்டுவிட்டுக் காரைக் கிளப்பினார்.

எங்கே? ரிப்பேர் கடைக்கா? அதுதான் இல்லை. அரசாங்க ஆபீசுக்கு!

காலை நேரத்தில் ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குக் காரில் போனவர்களுக்கு அந்த டிராஃபிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வண்டிகளில் இருந்தவர்களுக்கெல்லாம் பொழுதுபோக என் மடிதான் கிடைத்தது. ஒரு பிலிப்பினோ அம்மா கண்ணாடியை இறக்கி, பெட்ஷீட் மூட்டையைப் பார்த்துக் கொஞ்சலாகக் கையாட்டினார். நானும் பதிலுக்குக் கையாட்டினேன். வேறென்ன செய்ய?

விஷயம் இதுதான். முரளியின் காலேஜ் ரூம்மேட் டொரான்டோவில் இருக்கிறார். இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய இசைத்தட்டுகளை இத்தனை வருஷம் அவர்தான் தன் வீட்டு பேஸ்மென்டில் வைத்துக் காப்பாற்றி வந்தார். சமீபத்தில் அவருக்குக் கல்யாணம் ஆனது. வந்த பெண் நல்ல விவரமானவள் போலிருக்கிறது... ‘அந்தப் பெட்டியா, நானா?’ என்று கேட்டிருக்கிறாள். பெட்டி பார்சலில் எங்கள் பெயருக்கு வந்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வரும் பாட்டு, படம், புத்தகம் எதுவானாலும் அதற்கென்று இருக்கும் ஆபீசில் பார்த்து, கேட்டு, திருப்தியானால்தான் இங்கே கையில் கொடுப்பார்கள். அவர்கள் ஊர், அவர்கள் விதி. அதில் எனக்குப் புகார் இல்லை. சிக்கல் என்னவென்றால், சிடி வந்தால் போட்டுக் கேட்க அவர்களிடம் மெஷின் இருக்கிறது. கேசட் வந்தாலும் இருக்கிறது. தோசைக்கல் அளவுக்கு ஒரு கறுப்புத் தட்டு வந்தால்? ‘உங்களிடம் மெஷின் இருந்தால் கொண்டு வாருங்கள், கேட்டுப் பார்த்துச் சொல்கிறோம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆக, தனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகும் மெஷினை மனிதர் தானே தூக்கிக்கொண்டு போகிறார். அதுவும் பெண்டாட்டி மடியில்!

‘பாட்டுத் தட்டில் அப்படி என்ன பயம்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முரளி கேட்கும் பாட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் இதுவரை மூச்சுவிட்டதில்லை. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே. இனி மறைத்துப் பயனில்லை.

அதற்குப் பெயர் இண்டஸ்ட்ரியல். டான்ஸ் மியூசிக்கில் ஒரு வகை. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இங்கிலாந்து, பெல்ஜியம், கனடா பக்கத்துப் பையன்கள் சிலருக்குக் கிடார் அலுத்துப்போனது. இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்தார்கள். அந்தச் சத்தத்தை டேப்பில் பிடித்து, வெட்டி, ஒட்டி, செக்கு மாடு போலத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். அதன் மேல் ஒரு டிரம் மெஷின் – தம், தம், தம், தம். அதற்கும் மேல் ஒருவர் தொண்டையில் தகரம் மாட்டிக்கொண்ட மாதிரி கத்துவார். யாரைப் பார்த்துக் கத்துவார்? பெரும்பாலும் கடவுளைப் பார்த்துத்தான்.

அதோடு விட்டார்களா? அமெரிக்க டிவியில் பிரசங்கம் செய்து, போனிலேயே காணிக்கை கேட்பவரின் குரலைப் பிடித்து, அவரைப் ‘பா... பா... பா... பாவிகளே’ என்று திக்கவிட்டு, அந்தத் திக்கலுக்கே ஆடினார்கள். கவரைப் பார்த்தால் தலைகீழாக ஒரு சிலுவை. பாதிரியார் அங்கியில் விஷவாயு முகமூடியோடு ஒருவர். சாமி கும்பிடுகிறவர்கள் வயிறெரிய வேண்டும் – அந்தச் சங்கீதத்தின் லட்சியமே அதுதான்.

முரளி துபாய் அல் கூஸில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் ஃபேக்டரியில் என்ஜினியர். நாள் பூராவும் கட்டிங் மெஷின், டிரில், சுத்தியல். வீட்டுக்கு வந்து, குளித்து, டீ குடித்துவிட்டு, சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்து எதைக் கேட்பார் தெரியுமா? கட்டிங் மெஷின், டிரில், சுத்தியல்!

சிடியில் இருந்த நாலைந்தை வைத்துக்கொண்டே இந்தக் கூத்து. ஒரு வெள்ளிக்கிழமை ஷார்ஜா ரோலாவில் எங்கள் கட்டடத்து நாத்தூர் – வாட்ச்மேனை இங்கே அப்படித்தான் சொல்வோம் – மூச்சு வாங்க மாடியேறி வந்து, “பாபி, லீவு நாள்ல டிரில்லிங் வேலை மனா ஹை. பந்த் கரோ” என்றார். லீவு நாளில் கூடாது, நிறுத்து என்று அர்த்தம். டிரில் எதுவும் ஓடவில்லை, சார் பாட்டுதான் கேட்கிறார் என்றேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, என்னை அவ்வளவு பரிதாபமாகப் பார்த்தார்.

கடவுளைத் திட்டும் பாட்டைக் கேட்கிறவர் பெரிய புரட்சிக்காரராக இருப்பாரோ என்று சந்தேகப்படாதீர்கள். எங்கள் கல்யாணம் கோயில் மண்டபத்தில், ஹோமப் புகையில், ஒரு மந்திரம்கூடக் குறையாமல் நடந்தது. லீவில் திருச்சி போனால் மாமியார் விபூதியோடு வருவார். இவர் தலையைச் சமர்த்தாகக் குனிந்து காட்டுவார். மனிதரின் நாத்திகமெல்லாம் ஸ்பீக்கருக்குள்தான். ஸ்பீக்கருக்கு வெளியே பரம சாது.

ஆனால் ஸ்பீக்கருக்குள் இருப்பதை அவர் நிஜமாகவே நம்பினார். அதையும் சொல்லிவிட வேண்டும். “இதைக் கேட்டுட்டு வளர்ந்தவன் எவன் முன்னாடியும் மண்டி போட மாட்டான், வித்யா” என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு ஒளி வரும். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிடுவேன்.

அந்த ஒளிக்குத்தான் இப்போது சோதனை வந்தது.

சோதனையைக் கொண்டுவந்தவர் சாகுல் பாய். முரளியின் கம்பெனிக்கு பி.ஆர்.ஓ. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன் – விசா, லேபர், கஸ்டம்ஸ் என்று கம்பெனிக்காக ஒவ்வொரு அரசாங்க ஆபீசாக ஏறி இறங்குகிற மனிதர். கீழக்கரைக்காரர். தண்ணீர் பட்ட பாடாக அரபி பேசுவார். ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்று தவறாது. எந்த ஆபீசிலும் அவர் வார்த்தைக்கு மதிப்புண்டு. காரணம், பொய் சொல்ல மாட்டார்.

வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே விஷயத்தை உடைத்தார்.

“கவர் படத்தையெல்லாம் ஆபீசர் பாத்துட்டாரு சார். இது மார்க்கத்துக்கு விரோதமான சரக்கான்னு கேக்குறாரு. அப்படி ஒண்ணும் இல்லைன்னு நேருல வந்து ஒரு வார்த்தை நீங்க சொல்லிட்டீயன்னா முடிஞ்சிச்சு. கலாஸ்.”

“இருக்குன்னு சொன்னா?” என்றார் முரளி.

சாகுல் பாய் டம்ளரைக் கீழே வைத்தார். “மதத்தைப் பழிக்கிற சரக்குன்னு ஆச்சுன்னா பெட்டியோட போகாது சார். உங்க பேருல வந்திருக்கு. விசா வரைக்கும் இழுத்துரும். கேன்சல் அடிச்சு ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்க.”

எங்கள் பெண்ணின் படிப்பு இங்கே. என் வேலை இங்கே. பத்து வருஷ வாழ்க்கை இங்கே. எல்லாம் ஒரு தகரச் சத்தத்துக்காகவா?

“பாய், நீங்களே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட முடியாதா?” என்று கேட்டேன்.

“நான் எப்படித் தங்கச்சி சொல்ல? அந்தப் பாட்டு என்னன்னே எனக்குத் தெரியாதே. தெரியாததுக்கு நான் சாட்சி நிக்க மாட்டேன். சார் சொல்லட்டும். அவுக சொன்னதைச் சொன்னபடி நான் அரபியில சொல்றேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.”

அவர் போனதும் ஆரம்பித்தது சண்டை.

“அதுல மதத்துக்கு எதிரா ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஒரு வரிதானே?”

“வித்யா, அதுல இருக்கறதே அது ஒண்ணுதான்!”

“கல்யாணத்துல அக்னி முன்னாடி எத்தனை வரி சொன்னீங்க? அதெல்லாம் நம்பித்தான் சொன்னீங்களா?”

முரளி மெல்லிய குரலில் கேட்டார். “இருபது வருஷமா என்கிட்ட இருக்கற ஒரே தைரியம் அதுதான். அதுல ஒண்ணும் இல்லைன்னு நானே போய்ச் சொல்லிட்டா, அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு?”

கிண்டல் செய்ய வாயெடுத்தேன். வரவில்லை. இந்த மனிதர் விபூதிக்குத் தலையைக் குனிந்தபோதெல்லாம் உள்ளே ஒரு மூலையில் நிமிர்ந்தே நின்றிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்து விசாவை விட முடியுமா? “சொல்லித்தான் ஆகணும்” என்றேன். சரி என்றார். மறுநாள் காலை ஷேவ் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, “ஒன்றும் இல்லை... அப்படி ஒன்றும் இல்லை...” என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஆபீஸ். சாகுல் பாய் வாசலிலேயே காத்திருந்தார்.

அதிகாரி இளைஞர். வெள்ளைவெளேரென்ற கந்தூரா அங்கி, மலர்ந்த முகம். கஹ்வா காபியும் பேரீச்சம்பழமும் கொடுத்து உட்காரச் சொன்னார். மேஜை மேல் பெட்டி. பக்கத்தில் ரப்பர் முத்திரை ஒன்று, கறுப்பு மார்க்கர் பேனா ஒன்று. முத்திரை விழுந்தால் வீட்டுக்குக் கொண்டு போகலாம். மார்க்கர் எதற்கு? கண்ணுக்கு உறுத்துவதை மறைக்க. முதல் வேலையாக, ஒரு கவரில் கையில்லாத கவுன் போட்டிருந்த பெண்ணுக்கு அழகாக முழுக்கை ரவிக்கை வரைந்து முடித்தார். தலைகீழ்ச் சிலுவைக்காரர் பக்கத்திலேயே கிடந்தார். அவரை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

முரளி மெஷினை மாட்டிக் கொடுத்தார். அதன் பிறகு, “நான் பார்த்துக்கொள்கிறேன், சித்தீக். நீங்கள் உட்காருங்கள்” என்று அதிகாரி அன்பாகச் சொல்லிவிட்டார் – சித்தீக் என்றால் அரபியில் நண்பர்.

அங்கேதான் வினை.

ஏனென்றால், எங்கள் வீட்டில் இசைத்தட்டு என்றால் அது சாமானிய விஷயமில்லை. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஈரம் போகத் துடைக்க வேண்டும். தட்டை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும், நடுவில் விரல் படக் கூடாது. வெல்வெட் துணியால் சுற்றுவட்டமாக ஒரு துடைப்பு. அந்த அறையில் யாரும் எதுவும் தின்னக் கூடாது. டொரான்டோ பெட்டி வருகிறது என்றதும் இத்தனை சட்டமும் போடப்பட்டு, எனக்கும் பெண்ணுக்கும் வகுப்பே எடுக்கப்பட்டது. என் பூஜை அலமாரிக்குக்கூட அவ்வளவு மடி ஆசாரம் கிடையாது!

அதிகாரி பேரீச்சம்பழம் தின்ற விரலோடு முதல் தட்டை எடுத்தார். கட்டை விரல் நட்ட நடுவில். முரளியின் உடம்பு ஒரு முறை உதறியது. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

தம், தம், தம், தம். தகரம். அலறல். அதிகாரி ஒரு நிமிஷம் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. முத்திரை – டப்! அடுத்த தட்டு. கரகரகர... டப்! அதற்கடுத்தது. டப்! ‘மதத்துக்கு எதிரானதா’ என்ற கேள்வியே வரவில்லை. மனப்பாடம் செய்து வந்த பொய்யைச் சொல்ல அவசியமே இல்லாமல் போய்விடும் போலிருந்தது. சாகுல் பாய் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எனக்கு உயிர் வந்தது.

கடைசித் தட்டு. பிரசங்கியைத் திக்கவிடும் தட்டு. பெட்டியிலேயே மோசமானது அதுதான் என்று எனக்குத் தெரியும். காலேஜ் நாளிலிருந்து முரளிக்கு அதுதான் உயிர்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் வேண்டும். எல்லாத் தட்டும் ஒரே வேகத்தில் சுற்றாது. சிலது நிதானமாகச் சுற்றும், சிலது வேகமாக. வேகத்தை மாற்ற மெஷினில் ஒரு பொத்தான் உண்டு. இந்தக் கடைசித் தட்டு வேகமாகச் சுற்ற வேண்டிய ரகம். பார்க்க மற்றவை மாதிரியேதான் இருக்கும். அதிகாரிக்கு எப்படித் தெரியும்? நிதான வேகத்திலேயே ஓடவிட்டார்.

கொட்டாவி விட்டுக்கொண்டே எருமை பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. பிரசங்கமும் புரியவில்லை, கிண்டலும் புரியவில்லை. சுத்தியல்கூட யோசித்து யோசித்து விழுந்தது. கடவுளே, அப்படியே இருக்கட்டும்! அதிகாரியின் கை முத்திரைப் பக்கம் போனது. இன்னும் ஒரு டப். அதோடு வீட்டுக்குப் போகலாம்.

முரளி எழுந்து நின்றார்.

நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சாகுல் பாய் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். பார்த்தால், மனிதரின் முகத்தில் ரத்தமே இல்லை. கர்ப்பகிரகத்துக்குள் யாரோ செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், ஸ்பீடு தப்பு” என்றார். அதோடு நின்றாரா? மேஜையைச் சுற்றிப் போய்ப் பொத்தானைத் தானே அமுக்கினார்.

அவ்வளவுதான். எருமை போய் மனிதன் வந்தான். கணீரென்று, தெள்ளத்தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் பிசிறில்லாமல் அமெரிக்க இங்கிலீஷில் பிரசங்கி கூவினார். பாவிகளே, ரட்சிக்கப்பட வேண்டுமா? போனை எடுங்கள்! போனை எடுங்கள்! போ... போ... போனை எடுங்கள்! ஒவ்வொரு ‘போனை’க்கும் ஒரு சுத்தியல். பின்னாலேயே தகரக் குரல் பதில் சொன்னது – மறுமுனையில் எவனும் இல்லை! எவனும் இல்லை!

அதிகாரி முத்திரையைக் கீழே வைத்தார். கடைசி வரை கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

“இது மதம் சம்பந்தப்பட்டதா?” என்று அரபியில் கேட்டார். சாகுல் பாய் தமிழில் சொன்னார்.

முரளி வாயைத் திறந்தார். ‘அப்படி ஒன்றும் இல்லை’ – மூன்றே வார்த்தை. கண்ணாடி முன்னால் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தார்!

“ஆமாம் பாய்” என்றார் முரளி. “கிண்டல் பண்றாங்க. கடவுள் பேரைச் சொல்லி போன் பண்ணச் சொல்றவரைக் கிண்டல் பண்றாங்க. போன் பண்ணினா அந்தப் பக்கம் கடவுள் இல்லைன்னு பாடறாங்க. சொல்லிடுங்க.”

சாகுல் பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைச் சரி செய்துகொண்டு, கூட்டாமல் குறைக்காமல் அரபியில் சொன்னார். நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். எந்த சூட்கேசுக்கு ஜிப் போயிருக்கிறது என்பதுவரை ஞாபகம் வந்தது. இந்த மனிதரை அந்த நிமிஷத்தில் கொன்றுபோட்டிருப்பேன். அதே நிமிஷத்தில்... சொல்ல வெட்கமாக இருக்கிறது... அவரைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார்.

“உண்மைதானே?” என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

“சரியாகத்தானே பாடுகிறான்? அல்லாஹ் ஏன் அந்த ஆளின் போனில் வந்து உட்கார வேண்டும்? இறைவனைக் கூப்பிட யாருக்காவது டெலிபோன் தேவையா?” பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னொரு தடவை போடு” என்றார். போட்டார்கள். இரண்டாம் தடவை அதிகாரியின் கால் தாளம் போட்டதை நானே பார்த்தேன்.

“மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை, சித்தீக். நல்ல பாட்டு” என்றார் அதிகாரி. டப்! கவரின் நட்ட நடுவில், முகமூடிப் பாதிரியாரின் நெஞ்சில், நீல மையில் வட்டமாக விழுந்தது – அனுமதிக்கப்பட்டது.

விசா பிழைத்தது. குடும்பம் பிழைத்தது. நான் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே சிரித்தேன். முரளி? துக்க வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி ஓட்டினார். “நல்ல பாட்டுன்னு சொல்லிட்டான், வித்யா” என்றார் ஒரு சிக்னலில். அடுத்த சிக்னலில், “தாளம் வேற போட்டான்” என்றார்.

யோசித்துப் பாருங்கள். இந்தப் பாட்டு பிறந்த ஊர்களில் இதைக் கேட்டு எந்தச் சாமியார் இன்று கோபப்படுகிறார்? பழைய சாமான் கடையில் மலிவுக் கூடையில் கிடக்கிறதாம். உள்ளத்தில் நிஜமான பக்தியோடு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒருவர் உட்கார்ந்து கேட்டது இந்த ஆபீசில்தான் இருக்கும். கேட்டுவிட்டு அவர் என்ன செய்தார்? ஆமோதித்தார்! பாவம் முரளி... கல்லெறிந்தால் பூவாக அல்லவா திரும்பி வருகிறது?

இதையாவது அவர் தாங்கியிருப்பார். பின்னாலேயே காரில் வந்த சாகுல் பாய் எங்கள் வீட்டு வாசலில் இறங்கி, கொஞ்சம் தயங்கிவிட்டு, “அந்த போன் பாட்டை மட்டும் ஒரு கேசட்டுல அடிச்சுத் தர்றீயளா சார்?” என்று கேட்டார். முரளியால் மறுக்க முடியவில்லை. எப்படி மறுப்பது? தன் இருபது வருஷ ரசனைக்குக் கிடைத்த முதல் ரசிகர்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து சாகுல் பாயிடமிருந்து போன். முரளி ஸ்பீக்கரில் போட்டார்.

“ரூமுல எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டினேன் சார். இங்கிலீஷ் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் வரிக்கு வரி அர்த்தம் சொன்னான். எல்லாத்துக்கும் ரொம்பப் புடிச்சிருச்சு. காசு புடுங்குற போலிகளுக்குச் சரியான சவுக்கடி. பாட்டுன்னு ஏன் சொல்றீய சார்? அது சுத்தமான பயான்!”

பயான் என்றால் மார்க்கப் பிரசங்கம்.

போனை வைத்ததிலிருந்து முரளி சோபாவில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காபி வேண்டாம் என்கிறார். டிபன் வேண்டாம் என்கிறார். பெட்டியைத் திறக்கவே இல்லை. எனக்கும் என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை...

அவர் நம்பாத அந்தக் கடவுள்தான் பார்த்து ஏதாவது செய்ய வேண்டும்.